பாங்கொக்குக்குப் பதிலாக ஆக்ஸ்ஃபோர்ட் தெரு

2012 நவம்பர் 3, சனிக்கிழமை, காலை ஐந்து மணி. ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்.

மெல்பேர்னில் குதிரைப் பந்தயத்துக்குக்கூட அரசு விடுமுறை விடுவார்கள். பந்தயம் செவ்வாய்க்கிழமை. திங்களுக்கு ஒரு லீவு எழுதிக் கொடுத்தால் நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அந்த நான்கு நாளில் காரில் சிட்னி போய்வருவது என்று நானும் சுகந்தனும் முடிவு செய்திருந்தோம். வழக்கம்போல அவனை வீட்டு வாசலில் ஏற்றவில்லை. தெருக் கோடியில், வியட்நாமியரின் ரொட்டிக் கடை மூலையில் பையோடு நின்றான்; அங்கேதான் ஏற்றிக்கொண்டேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். சுகந்தன் பருத்தித்துறைக்காரன், வயது இருபத்தொன்பது. படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவிலும் டார்வினிலும் முகாமில் கிடந்து, இந்த வருடம்தான் தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். டாண்டினோங்கில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை. கூட வந்த ஐந்து பேரோடு ஒரே வீட்டில் இருக்கிறான். அவர்களைப் பொறுத்தவரை நான் கேரம் டவுன்ஸ் கோயிலில் பழக்கமான இந்தியாக்கார அண்ணை, மதுரைக்காரர், ஆஸ்பத்திரி லேபில் வேலை. உண்மையில் நாங்கள் ஏழு மாதமாகக் காதலர்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவன் என்னை "அண்ணை" என்பான். தனியாக இருந்தால் "இஞ்சேருங்கோ". யாழ்ப்பாணத்தில் பெண்சாதிமார் புருஷனைக் கூப்பிடும் சொல் அது. முதல் தடவை கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்கிறேன்.

உண்மையில் நாங்கள் போக ஆசைப்பட்டது பாங்கொக்குக்கு. 2009-இல் நான் தனியாகத் தாய்லாந்து போய்ப் பத்து நாள் சுற்றியிருக்கிறேன். சீலோம் பக்கத்துச் சந்தில் ஆண்கள் ஜோடி ஜோடியாகத் தெருவிலேயே மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதையும், சியாங் மாய் இரவுச் சந்தைக்குள் பெண் வேடமிட்டு ஆடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் அடுத்த கடையில் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிடுவதையும் நூறு தடவையாவது அவனிடம் சொல்லியிருப்பேன். "என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்பான். ஆனால் அவன் விசாவில் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. விமானம் ஏற முடியாதவனுக்குக் கார் இருக்கிறது. சிட்னியில் தாய்லாந்துச் சாப்பாடும் இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் கூடும் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவும் இருக்கிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஸ்பிரிங்வேலிலிருந்து சிட்னி ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். பாதி வழியில், கண்டகாய் என்ற சிற்றூரில் ஆற்றோரம் நிறுத்திச் சாப்பிட்டோம். நான் எலுமிச்சை சாதம் கட்டியிருந்தேன், அவன் புட்டும் பொரித்த மீனும்.

"உங்கட சோறு மஞ்சளா நல்ல வடிவாத்தான் கிடக்கு. ஆனா உறைப்பில்லை," என்றான்.

"எலுமிச்சை சாதத்துல எதுக்குடா காரம்?"

"உறைப்பில்லாட்டி அது என்ன சாப்பாடு?"

இந்த வாய்தான் மறுநாள் எங்களை மாட்டிவிடப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மாலை ஐந்தரை மணி. சிட்னியின் புறநகர் லிட்கம். நகரத்துக்குள் கார் நிறுத்தும் காசில் இரண்டு வேளை சாப்பிடலாம் என்பதால் இங்கே மோட்டல் எடுத்தோம், இரவுக்கு 110 டாலர். அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள். இரட்டைக் கட்டில் கேட்க எனக்கே நா எழவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.

ரயிலில் கிளம்பினோம். வழியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் வந்தது. சுகந்தனின் தாய்மாமன் குடும்பம் அங்கே இருக்கிறது. சிட்னிக்கு வந்தும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை என்று தெரிந்தால் அதுவே பெரிய குற்றம். யாரோடு வந்தான் என்று தெரிந்தால் அதைவிடப் பெரிய குற்றம். பிளாட்பாரத்தில் இரண்டு தமிழ் ஆன்ட்டிகள் பூக்கூடையோடு நிற்பதைப் பார்த்தவுடன் இவன் குனிந்து இல்லாத செருப்பு வாரைக் கட்டத் தொடங்கினான். ரயில் நகர்ந்ததும் நிமிர்ந்து, "இனி வெளியில தமிழ் கதைக்க வேண்டாம். இங்கிலீஷ் மட்டும்," என்றான். ஒப்புக்கொண்டேன். அவன் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். "குயிக், குயிக்", "நோ ப்ராப்ளம்" இரண்டும்தான் நன்றாக வரும்.

சென்ட்ரலில் மாறி மியூசியம் நிலையத்தில் இறங்கினால், பூங்கா மூலையிலிருந்து மேடேறிப் போகிறது ஆக்ஸ்ஃபோர்ட் தெரு. ஜக்கரண்டா மரங்கள் பூத்து நடைபாதை முழுக்க ஊதா. கடை முகப்புகளில் வானவில் கொடி. பாங்கொக்கில் "வாங்க சார், வாங்க சார்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை, வந்தால் வா என்கிற மாதிரி கதவு திறந்திருக்கிறது. எழுபது வயதுக்குக் குறையாத இரண்டு கிழவர்கள், கையைக் கோத்தபடி ஐஸ்கிரீம் வரிசையில் நின்று, ஒரு கரண்டியா இரண்டு கரண்டியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுகந்தன் அவர்களைப் பார்த்தபடியே நின்றுவிட்டான். ஒப்பந்தத்தை மறந்து, என் காதோரம் வந்து கேட்டான்.

"இவ்வளவு வயசு வரைக்கும் ஒண்டா இருக்கலாமோ?"

 எனக்கும் அப்படி இரண்டு பேரை அவ்வளவு அருகில் பார்த்துப் பழக்கமில்லை.

ஐந்து மணிக்கு ஒரு பார். வாசலில் நின்றவர் அடையாள அட்டை கேட்டார். சுகந்தன் கார் பழகும் லைசென்ஸை நீட்டினான். பிறந்த வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். "வேற ஒண்டும் கேக்கேல்லை!" என்று இவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாட்டுக்குள் விடவும் இப்படி ஒருவர் நின்றிருக்கலாம். பியர் ஏழு டாலர். பாங்கொக்கில் அந்தக் காசுக்கு இரண்டு குடித்திருப்பேன். மேடையில் ஆறடி உயரத்தில் ஒருவர் வெள்ளிச் சரிகைக் கவுனில் பாட்டுக்கு வாயசைத்து ஆடினார். முன்வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணும் அவள் தோழிகளும். போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: முன்வரிசையில் உட்காராதீர்கள், மேடைக்காரர் மடியில் வந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது நடந்தது. சுகந்தன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

ஏழு மணிக்குப் பசி. மேட்டில் ஒரு சின்ன தாய் உணவகம், பன்னிரண்டு மேசைகள், பெரும்பாலும் ஆண் ஜோடிகள். பச்சை மிளகாய்க் கறி 16 டாலர், பப்பாளிக்காய் சாலட் 12. காரம் எவ்வளவு என்று பரிமாறிய தாய்லாந்துப் பெண் கேட்டாள். ஆஸ்திரேலியக் காரமா, தாய் காரமா?

"தாய், தாய். நோ ப்ராப்ளம்," என்றான் சுகந்தன்.

அவள் என்னைப் பார்த்தாள். நம் ஆட்களுக்குக் காரத்தில் தோற்றுப்போக மானம் இடம் கொடுக்காது. நானும் தலையாட்டினேன். சாலட் வந்தது. இரண்டாவது வாயில் சுகந்தன் இருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டான்.

"ஐயோ அம்மா! உறைக்குது! தண்ணி, தண்ணி!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதுகூடப் பரவாயில்லை. சமையலறைக் கதவு திறந்து, ஏப்ரன் கட்டிய ஒருவன் சீனிக் கிண்ணத்தோடு ஓடி வந்தான்.

"தண்ணி குடியாதேங்கோ அண்ணை, கூட எரியும். சீனியை நாக்கில வையுங்கோ."

எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தெருவெல்லாம் ஒளிந்து வந்து, குசினி வாசலில் அகப்பட்டுவிட்டோம்.

அவன் பெயர் யோகன். அவனும் படகில் வந்தவன்தான். தமிழ்ச் சத்தம் கேட்ட சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது. "ஊரில எவடம்?" என்றான்.

"வவுனியா," என்றான் சுகந்தன், சீனியை வாயில் வைத்துக்கொண்டே.

"வவுனியாவோ? நான் கரவெட்டி. நீங்கள் கதைக்கிறது எங்கட பக்கத்துக் கதை மாதிரியெல்லோ கிடக்கு?" சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். எங்களுக்கு நடுவே எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தான். "இவர் உங்களுக்கு ஆர்?"

கோயிலில் பழக்கம், அண்ணை மாதிரி என்று ஏழு மாதமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கரவெட்டியும் பருத்தித்துறையும் பக்கத்துப் பக்கத்து ஊர். இங்கே வாய் தவறினால் ஒரு தொலைபேசி அழைப்பில் அவன் அம்மாவுக்குப் போய்விடும். மெல்பேர்ன் வீட்டில் படுக்க இடம் இருக்காது. எனக்கு முன்னால் சுகந்தன் பேசினான்.

"நான் வவுனியா இல்லை. பருத்தித்துறை. இவர்..." சீனியை விழுங்கினான். "இவர் என்னோட இருக்கிறவர். நாங்கள் சோடி."

யோகன் "ஓ" என்றான். சீனிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நாங்கள் சொல்லியிருந்த கறி வரவில்லை. பக்கத்து மேசைக்குப் போனது, எதிர் மேசைக்குப் போனது, எங்களுக்கு மட்டும் வரவில்லை. சுகந்தன் பர்ஸை வெளியே எடுத்தான். "எழும்புவம். காசைக் குடுத்திட்டுப் போவம்," என்றான். "இருடா," என்றேன். எனக்கும் பயம்தான். இவனை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்ததே தப்போ என்று தோன்றியது.

கதவு திறந்தது. யோகன் பெரிய தட்டோடு வந்தான். வெள்ளைச் சோறு, அதன்மேல் கறுப்பாகச் சுண்டிய கணவாய்க் கறி. வறுத்த மிளகாய்த்தூள் வாசம் தாய்லாந்தை ஒரு நொடியில் விரட்டிவிட்டது.

"இது மெனுவில இல்லை. குசினியில எனக்கெண்டு காச்சினது," என்றான். குரலைத் தாழ்த்தினான். "ஊரில எண்டா சோடியை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து குடுக்கிறதுதான் முறை. என்ர வீட்டில ஆறு பெடியள். அங்க உங்களைக் கூப்பிட எனக்குத் துணிவில்லை, அண்ணை. இதை விருந்தா நினைச்சுச் சாப்பிடுங்கோ. கையாலயே சாப்பிடுங்கோ, இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

சுகந்தன் கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றில் வைத்தான். அழுதான். கேட்டால் உறைப்பு என்றான். அந்தக் கணவாய்க் கறியில் அழவைக்கிற உறைப்பு இல்லை.

செவ்வாய், மாலை நான்கு மணி. ஸ்பிரிங்வேல்.

திங்களன்று கடற்கரை பார்த்ததையும், தாய் டவுன் கடைகளில் கத்திரிக்காய் வாங்கியதையும் எழுத இடமில்லை. பாங்கொக்கோடு ஒப்பிடச் சொன்னால் ஆட்டபாட்டத்திலும் விலையிலும் பாங்கொக்தான் மேல். ஆனால் அங்கே என்னை யாரும் நீ யார், இவர் உனக்கு யார் என்று கேட்டதில்லை. பத்து நாளும் நான் வெறும் வேடிக்கை பார்த்தவன்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் சுகந்தன் பேச்சைக் குறைத்துவிட்டான். விடுமுறை நாள் என்பதால் தெருவில் சனம் இருந்தது. அவன் வீட்டு முன்னால் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு அந்த ஐந்து பேரும் கார்ட்ஸ் விளையாடுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் பழக்க தோஷத்தில் ரொட்டிக் கடை மூலையில் காரை நிறுத்தி, பையை எடுக்கப் பின்பக்கம் எட்டினேன்.

அவன் கதவைத் திறக்கவில்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, ஏன் இதில நிப்பாட்டினீங்கள்? வீடு இன்னும் அங்காலயெல்லோ கிடக்கு."