துண்டு நிற்காத தோள்

முதலில் நழுவியது துண்டுதான். கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்துத் தையல் பிரித்த பிறகு, அரியலூர் பஸ் ஸ்டாண்டு அருகே நான் டீ மாஸ்டராக இருக்கும் கடைக்கு மறுபடி போனேன். வலது தோளில் போட்ட துண்டு விழுந்துகொண்டே இருந்தது. புதுத் துண்டு, வழுக்குகிறது என்று நினைத்தேன். பிறகு டீ ஆற்றக் கையைத் தூக்கினால், தோள் உயரத்தோடு நின்றுவிட்டது.

கட்டி காசநோயால் வந்தது (நுரையீரலுக்கு வரும் அதே நோய் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளிலும் வரும்). மாத்திரையில் அது குணமானது. அறுவை செய்தது பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனை. அந்த மருத்துவரிடமே போனேன்.

"தோளைக் குலுக்குங்க" என்றார். குலுக்கினேன்.

"நரம்பு வெட்டுப்பட்டிருந்தா இது மேலயே வராது. உங்களுக்குப் பயம்தான்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கிருந்து தொடங்கியது என் சந்தேகம்.

எடுத்த கட்டியைப் பாட்டிலில் போட்டு, பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கச் சொல்லி என் மனைவி செல்வியிடம்தான் தந்திருந்தார்கள்.

"அதுல வெள்ளையா நூலு மாதிரி நரம்பு ஏதாச்சும் கெடந்துச்சா?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க போங்க. ஊறுகாயா அது, உத்துப் பாக்க? மொகத்தத் திருப்பிக்கிட்டே கொண்டுபோனேன்."

கடையில் முதலாளிக்கு வேறு சந்தேகம், நான் நடிக்கிறேனோ என்று. ஒருநாள் என் பின்னால் வந்து, "மாஸ்டர், மேல பாரு, டின்னு விழுது!" என்று கத்தினார். வலது கை பாதியில் நின்றது; இடது கைதான் தலைக்கு மேல் போனது. மேலே எந்த டின்னும் விழவில்லை.

"டாக்டரே ஒண்ணுமில்லங்கறாரு. ஆடி முடியறதுக்குள்ள கை வரலன்னா, வேற மாஸ்டரப் பாத்துக்கறேன்" என்றார்.

அறுவை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் திருச்சிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் மருத்துவர். முதலில் சட்டையைக் கழற்றச் சொன்னார். கூச்சத்தில் நெளிந்தேன். பெரம்பலூரில் யாரும் கழற்றச் சொல்லவில்லை, நானும் கழற்றவில்லை. முதுகில் வலது தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்பதை அன்றுதான் கண்ணாடியில் பார்த்தேன். மிஷினோடு இணைத்த ஊசியைத் தசையில் குத்திச் சோதித்தார் (நரம்பின் கட்டளை தசைக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது).

"இந்தத் தசைக்குப் பெரிய நரம்பு ஒண்ணு இருக்கு. அது வெட்டுப்பட்டிருக்கு. சிலருக்குக் கழுத்திலேர்ந்து வேற கிளை நரம்பும் வந்து அதே தசைய இயக்கும். உங்களுக்குப் பொறவியிலேயே அது இருக்கு. அதனாலதான் தோளக் குலுக்க முடியுது. ஆனா கீழ்த்தசைக்கு அது பத்தல."

"அப்ப அவரு பொய் சொன்னாரா, மேடம்?"

பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சு சொன்னாரா, தெரியாம சொன்னாரான்னு இந்த மிஷின் காட்டாதுங்க."

நரம்பை ஒட்டவைக்கும் காலம் தாண்டிவிட்டது, பயிற்சிதான் வழி என்றார். கழுத்தில் கத்தி பட்டவர்கள் என்னைப் போல் தாமதிக்காதீர்கள். தோளைக் குலுக்கிக் காட்டியதோடு திரும்பிவிடாதீர்கள். சட்டையைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுங்கள்.

இடது கையை உயர்த்தி டீ ஆற்ற வீட்டில் வெறும் தண்ணீரில் பழகினேன். பிறகு கடையில் ஆற்றினேன். ஒருவர் கேட்டேவிட்டார்: "என்ன மாஸ்டர், காலங்காத்தால எடக்கை டீயா?"

நான் ஆற்றிக்கொண்டே இருந்தேன். முதலாளிதான் சொன்னார்: "ஆத்துறதுதான் எடது. குடுக்கறது வலது. குடிச்சுட்டுப் பேசுய்யா."

ஆடி முடிந்தது. வேறு மாஸ்டர் வரவில்லை. இன்று வலது கை காது வரை போகிறது.

அந்த இன்னொரு நரம்பு பிறந்தது முதல் எனக்குள் இருந்திருக்கிறது. அதுதான் பாதிக் கையைக் காப்பாற்றியது. அதுதான் என்னைப் பொய்யனாகவும் காட்டியது. இன்னும் என்னென்ன உள்ளே இருக்கிறதோ. உடம்பு 'சரி' என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் உடனே நம்புவதில்லை.

காலையில் பாலை அடுப்பில் வைத்ததும் துண்டை வலது தோளில் போடுகிறேன். சில நாள் பால் பொங்குமுன் விழுந்துவிடுகிறது. சில நாள் நிற்கிறது. நின்றாலும், அதை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டுதான் முதல் டீயை ஆற்றுகிறேன்.