கார்ப்பரேட்டரில் கிருஷ்ணாயில்

பிங்கிங், அதாவது இன்ஜின் தட்டுகிறது என்று ஒரு வண்டி வந்து நின்றால் எனக்கு இன்னும் முகம் சுண்டிப்போகிறது. ஏன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நகரி, புத்தூர் எல்லாம் ஆந்திராவா, மெட்ராஸா என்று ஊரெங்கும் சண்டையாகக் கிடந்த காலம். நான் சித்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நகரிப் பண்ணையார் ஒருவர் எல்லைக் கூட்டம் போட ஆட்களோடு சித்தூர் வந்து, இங்கிருந்து திருப்பதிக்குக் கிளம்பியவர், புத்தலப்பட்டு மேட்டிலிருந்து திரும்பி எங்களிடம் வந்தார். அவருடைய டிரைவர் என் நைனா, என்னைப் பெற்றவர்.

"மேடு ஏறச்சொல்ல டக்கு டக்குனு தட்டிக்கினே வருதுடா, இன்னான்னு பாரு," என்றார் பண்ணையார்.

இன்ஜினில் பொறி விழும் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. இழுவையும் போயிற்று. பிளக்கில் குறையில்லை. கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி விரலை நனைத்தேன். பெட்ரோல் என்றால் சில்லென்று காய்ந்துவிடும். இது பிசுபிசுவென்று நின்றது. கிருஷ்ணாயில்! மண்ணெண்ணெய்! பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு இதை ஊற்றியிருக்கிறார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போடுவது நைனா ஒருவர்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். நைனா தலையைக் குனிந்துகொண்டார். சீ என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

"பங்க்லயே கிருஷ்ணாயில் கலந்து ஊத்திகீறானுங்க சாமி," என்றேன். "பஸ் ஸ்டாண்டாண்ட கீற பங்க்கு."

"தெலுங்குக்காரன் பங்க்கு! நாம்ப கூட்டம் போடறோம்னு வேணும்னே பண்ணிகீறான். வாங்கடா!" என்று கத்தினார் பண்ணையார்.

ஆட்கள் கையில் கிடைத்த ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் மேஸ்திரியும் தெலுங்குக்காரர்தான். கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். நான் குனிந்து பிளக்கைத் துடைத்தேன்.

நைனாதான் வாசலை மறித்தார். "அந்தாள இன்னாத்துக்கு அடிக்கப் போறீங்கோ? நான்தான் வித்துத் துன்னேன். நான்தான் ஊத்தினேன்."

பண்ணையார் பளாரென்று ஒன்று வைத்தார். சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நைனா கன்னத்தைக்கூடத் தொடவில்லை. "டேங்க்க சுத்தமா காலி பண்ணுடா. பைப்புலகூட ஒரு சொட்டு நிக்கக்கூடாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

பிங்கிங் வந்தால் டைமிங்கைத் தொடுமுன் பெட்ரோலைத் தொட்டுப் பாருங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் வாயையாவது மூடிக்கொள்ளுங்கள், அடுத்தவன் தலையில் போடாதீர்கள்.

டேங்க்கைக் கழுவி, டைமிங்கைப் பழையபடி வைத்துக் கொடுத்தேன். சத்தமே இல்லை. பண்ணையார் என் முதுகில் தட்டி, "கிருஷ்ணாயில்னு கரெக்ட்டா கண்டுபுட்சிட்டடா! உங்க நைனாவுக்கு இப்படி ஒரு புள்ளையா!" என்றார்.