சலித்த மண்

ஆய்வுக்கூடத்திலும் வீட்டிலும் அவளுக்கு மூக்கம்மா என்றே பெயர். எந்த மருந்துச் சரக்கு சோதனைக்கு வந்தாலும் கருவிக்குள் போகும் முன் முகர்ந்து பார்த்துவிடுவாள். பாதித் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும். அந்த மூக்குக்குத்தான் இந்த வருஷம் வந்தது சோதனை.

அதிமதுரத்துக்குத் தர அளவு வகுக்க வேண்டும் என்று மேலிடம் சொல்ல, கடை கடையாக வேர்த்தூள் வாங்கி வந்து அவள் மேஜையில் அடுக்கினார்கள். சே, அதைத் தூள் என்று சொல்ல வாய் வருமா? மண், சாக்கு நார், பூச்சிக் கால், எலிப் புழுக்கை. இருமுகிற குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கிற மருந்து அது. அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஒரு பொட்டலம்தான் சுத்தம். அது அவள் அண்ணன் கடையுடையது. மனிதர் வேரைக் கழுவி, தோல் சீவி, காயவைத்து அரைப்பவர். அதனாலேயே விலை கூடி வியாபாரம் படுத்துவிட்டது. கடையை மூடிவிடலாம் என்றிருந்தவரை, தர அளவு வந்தால் கலப்படக்காரன் எல்லாம் ஓடிவிடுவான் என்று சொல்லிச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தவள் இவள்தான்.

கூட்டத்தில் குழுத் தலைவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே வழி சொன்னார். கடையில் கிடைப்பதை வைத்துத்தானே அளவு வகுக்க முடியும்? எல்லாரும் தேறுகிற மாதிரி வைத்தால் ஆயிற்று. அந்தச் சுத்தமான பொட்டலம் சராசரிக் கணக்கைக் கெடுக்கிறது, எடுத்துவிடலாம். ஊரில் எவ்வளவு அழுக்கோ அவ்வளவுதான் தரமா என்று இவள் கேட்டபோது தலைவர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். நூற்றுக்கு ஆறு பங்கு மண் இருக்கலாம் என்று முடிவாயிற்று. அந்த முகங்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அறிவிப்பு வெளியானதும் அண்ணன் கடைக்கு ஓடினாள். மனிதர் இடிந்துபோயிருப்பார் என்று பயம். அவரோ சீட்டியடித்துக்கொண்டு சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை மண்.

"என்னண்ணே இது?"

"ஆறு பங்குக்கு நீங்களே இடம் குடுத்துட்டீங்க. நான் மட்டும் வெறும் வேரையே போட்டு என்னத்தைக் கண்டேன்?" அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானமும் சொன்னார். "மத்தவங்க மாதிரி அள்ளிப் போடலை மூக்கம்மா. நல்லாச் சலிச்சு, வறுத்த மண்ணு. வேணும்னா மோந்து பாரு."

உள்ளங்கையை நீட்டினார். முகர்ந்தாள். ஒரு வாடையும் இல்லை. நாளைக்கு இது கலந்த தூள் அவள் மேஜைக்கு வரும்; தேறிவிட்டது என்று அவளே கையெழுத்துப் போட வேண்டும். வாசலுக்குப் போய், சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.