கைநாட்டு வைத்த ஆசிரியர்

அரசு வலிந்து மாற்றிய பெயரை, உரியவர் விண்ணப்பித்தால் அரசே திருப்பித் தர வேண்டும். தெளிவான விதி. தெளிவான விதிகள்தான் அதிகம் இழுத்தடிக்கும் என்பது பதிவுத் துறையில் காலம் தள்ளிய எனக்குத் தெரியும். அந்த விதியை நினைத்தால், அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் என் மகன் வீட்டில் பேத்தியின் பொம்மை முத்திரைகளுக்காக வாங்கிய ஊதா ஸ்டாம்ப் பேட்தான் கண்முன் வருகிறது. இப்போது அது காய்ந்துபோய் எங்கோ கிடக்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவர் பல்கேரியாவின் தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். புகையிலை பயிரிடும் துருக்கிய முஸ்லிம்களின் ஊர். நாட்டில் அவர்கள் சிறுபான்மை. அந்த ஊரில் அவர்களைத் தவிர யாருமில்லை. எண்பதுகளில் ஒரு குளிர்காலத்தில் சிப்பாய்கள் ஊரைச் சூழ்ந்தார்கள். ஒவ்வொருவராக அழைத்து, பட்டியலை நீட்டி, ஒரு பல்கேரியப் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இவர் மறுத்தார்; குமாஸ்தாவே ஒன்றை எழுதிக்கொண்டார். கல்லறைகளில் இருந்த பெயர்களையும் சிமெண்ட் பூசி மூடினார்களாம். செத்தவர்களுக்கும் வேலை வைக்கும் நிர்வாகத்தை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. பிறகு ஊரில் பலர் துருக்கிக்குப் போனார்கள். இவர் மகளோடு நியூ ஜெர்சிக்கு வந்தார்.

பல்கேரியாவில் ஆட்சி மாறியது, விதியும் வந்தது. ஆனால் விண்ணப்பத்தில் தற்போதைய பெயரில் கையெழுத்திட வேண்டும். இவர் சொந்தப் பெயரில் போட்டு அனுப்புவார். அப்படி ஒருவர் பதிவேட்டில் இல்லை என்று திரும்பி வரும்.

"மாமா, அந்த அங்கிள் வந்திருக்கார். திரும்பவும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாம்," என்பாள் மருமகள். "டீ இப்பவே போடவா, சண்டை முடிஞ்சதும் போடவா?"

"ஒரே ஒரு தடவை அந்தப் பெயரை எழுதித் தொலையுங்களேன்," என்றேன்.

"இதுவரை எழுதியது அவர்கள். நான் எழுதினால் அது என் பெயராகிவிடும்," என்றார் உடைந்த ஆங்கிலத்தில். "அந்தப் பெயரில் என்னைப் புதைக்கக் கூடாது."

எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் ஆபீஸ் வழக்கத்தைச் சொன்னேன்: "பெயரை உங்கள் மகள் டைப் அடிக்கட்டும். நீங்கள் கைநாட்டு வையுங்கள்."

"ஊருக்கே எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான்!"

"அந்த ஊர் இங்கே வந்து பார்க்கப் போவதில்லை."

டீ ஆறிப்போனது. பிறகு அவர் இடது கைப் பெருவிரலை நீட்டினார். ஊதா மையில் அழுத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் காத்திருப்பு. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பேத்தி வளர்ந்து முத்திரைகளை மறந்துவிட்டாள்.

ஒருநாள் பதிவுத் தபால் வந்தது. உறையின்மேல் அவருடைய சொந்தப் பெயர். கிரீன் கார்டில் இன்னும் அந்தப் பல்கேரியப் பெயர்தான். அதற்கு வேறு விதி, வேறு வரிசை. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார்.

"ஸ்டாம்ப் பேட் எடுத்து வரட்டுமா?" என்றேன்.

"பேனா," என்றார்.

நிதானமாகக் கையெழுத்திட்டார். வாத்தியார் பழக்கம், யாரும் கேட்காமலே கீழே தேதியும் எழுதினார்: 12 நவம்பர் 1999.