இரண்டாவது ஏற்றம்

நான் ஆறு வருஷமாக ஆராய்ச்சி மாணவன். எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் நட்சத்திரம் என்பேன். "ஜோசியமா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. பெற்ற அப்பா, நைனாவிடமும் அப்படித்தான் இருந்தேன், பாவி.

விஷயம் அப்படியொன்றும் சிக்கலானதில்லை. எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரம். அதற்கும் நமக்கும் நடுவே இன்னொன்று குறுக்கே வந்தால், அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும். சில நாட்கள் பின்னது பிரகாசமாகத் தெரியும். குறுக்கே வருவது இரட்டை நட்சத்திரமாக இருந்தால், ஒளி சட்டென ஏறி, இறங்கி, மறுபடி ஏறி விழும். அந்த இரண்டாவது ஏற்றம் சில மணி நேரம்தான். விடாமல் அளந்தால் கண்ணுக்கே தெரியாத அந்த ஜோடியின் எடையையும் இடைவெளியையும் சொல்லிவிடலாம். விலகிப் போய்விட்டால் நம் ஆயுளில் திரும்ப வராது. என் பட்டம் அப்படி ஒரு ஜோடியை நம்பித்தான் இருந்தது.

முதல் ஏற்றம் கிடைத்துவிட்டது. இரண்டாவது எப்போது என்பதற்கு என் கணக்கில் இரண்டு விடை வந்தது: வியாழன் அல்லது சனி. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். நைனா கை உடைந்து கிடக்கிறார், வியாழக்கிழமை எங்கள் பாடு. ஏரியில் நல்ல இடங்களில் வலை போட ஊரார் முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. வீட்டு ஆம்பளை போகாவிட்டால் அன்றைய இடம் அடுத்தவனுக்கு. சனிதான் என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது.

வியாழன் காலை, "தண்ணில போட்டுக்கினு வருவ, குடு இங்க" என்று அம்மா செல்போனை வாங்கி வைத்துக்கொண்டாள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. மதியம்வரை அல்லாடியும் ஒரு குழம்புக்கான இறால்தான். கரையேறி வந்து போனைப் பார்த்தேன். நமக்கு வெயில் ஏறும்போதுதான், என் ஜோடியை அளந்துகொண்டிருந்த தொலைநோக்கி இருக்கும் தேசத்தில் இரவு. ஒளி ஏறத் தொடங்கிவிட்டது, அதையே தொடர்ந்து பார்க்கட்டுமா என்று அங்கே பணியில் இருந்தவர் மூன்று முறை கேட்டிருந்தார். பதில் வராததால் வேறு பக்கம் திருப்பிவிட்டார். மறுநாள் பார்த்தபோது எல்லாம் அடங்கியிருந்தது.

முதல் ஏற்றத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆராய்ச்சி வழிகாட்டி ஒரே வரியில் எழுதினார். வேறு ஜோடிக்குக் காத்திருக்க எனக்கு வருஷம் மிச்சமில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாடா ஆச்சு?" என்றார் நைனா. முதல்முறையாக முழுசும் சொன்னேன். அவர் முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திரும்ப வராதா?"

"வராது நைனா."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம பாடு அடுத்த மாசமே வருதுடா. சொல்லியிருந்தா நீ வரவே வானாம்னு இருப்பேனே. ஏன்டா எங்கிட்ட சொல்லல?"