அட்டை ஒட்டாத குழாய்

நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக் காலை ஆட்டிப் பார்க்கிறார் சென்னிமலை. லேசாக ஆடுகிறது. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்பேனர் வெளியே வருகிறது. ஒரு முறுக்கு, அப்புறம் இன்னொரு அரை முறுக்கு. நிமிர்த்தி வைத்து, உட்கார்ந்து, எழுந்து, திரும்பவும் உட்கார்ந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஜன்னல்களைத் திறக்கப் போகிறார். போகிற வழியில் கதவுக் கீலையும் மின்விசிறியின் முனகலையும் விசாரிக்காமல் விடுவதில்லை.

இதெல்லாம் அவர் வேலையே இல்லை. தொண்டாமுத்தூர் சாலையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் அவர் உதவியாளர். பூட்டைத் திறப்பது, விளக்கைப் போடுவது, ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிள்ளைகள் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் மனுஷர் அதற்கு முன்னால் பீளமேட்டில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் உதிரி பாகங்களைச் சேர்த்துப் பம்பு கோத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனதால் வெளியே வந்தார். கால்தான் வெளியே வந்தது, கை இன்னும் கம்பெனியிலேயே இருக்கிறது.

“லூஸா இருக்கறதப் பாத்துப்போட்டு எப்படிங்க சும்மா போறது?” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது நிஜமான கேள்வி.

இந்த அருங்காட்சியகம் அவரைக் குழப்பிய அளவுக்கு வாழ்க்கையில் வேறெதுவும் குழப்பியதில்லை. உடைந்த பானை கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உடையாத பிளாஸ்டிக் வாளி படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிறது. எழுத்தெல்லாம் தேய்ந்த கல்லுக்கு ஏசி. இதையாவது பழசு என்று ஒப்புக்கொண்டுவிடலாம். மாணவர்களின் கலை விழா வந்துவிட்டால் அந்தப் பிடிமானமும் போய்விடும். போன வருஷ விழாவில் வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் இப்படியா அவிழ்த்துப் போடுவார்கள் என்று நொந்துகொண்டு, எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கி வைத்தார். ஜோடி கிடைக்காததைக் குப்பையில் போட்டார். அது முதுகலை மாணவன் ஒருவனின் படைப்பு என்பது, அவன் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் காப்பாட்சியர் ஃபெமினா மேடம் அவருக்கு ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தார். “சென்னிமலைண்ணா, பக்கத்துல பேரட்டை ஒட்டியிருந்தா அது காட்சிப் பொருள், விரல் படக் கூடாது. ஒட்டலைன்னா அது நம்ம பொருள். அவ்வளவுதான்.”

“இதைத்தானுங்க மேடம் மொதல்லயே சொல்லியிருக்கோணும். இப்ப வெளங்கிருச்சுங்க,” என்றார் சென்னிமலை. வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது அவருக்கு. அன்று முதல் எதைத் தொடுவதற்கு முன்பும் சுவரைப் பார்ப்பார். அட்டை இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் ஸ்பேனர்.

இந்த வருஷ விழாவன்று காலையில் புல்தரையில் வள்ளி கும்மிக்காரப் பெண்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த சென்னிமலையின் காதில் ‘டொப்’ என்று ஒரு சத்தம் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ‘டொப்’. கூடத்தின் மூலையில் சிமெண்டுத் திண்டிலிருந்து துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று எழுந்து நின்றது. அதன் முனையில் ஒரு பழைய பித்தளைத் திருகுக்குழாய், கீழே ஒரு குடம். ஒழுகுகிறது. பம்பு கோத்த மனுஷர் காவலிருக்கிற கட்டடத்தில், விழா நாளில், ஊரே வரப் போகிற நேரத்தில் ஒழுகுகிறது. சுவரைப் பார்த்தார். அட்டை இல்லை.

அட்டைகள் அச்சகத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திண்டுக்குப் பின்னால் இருந்த வால்வை மூடிவிட்டுத் திருகுக்குழாயைக் கழற்றினார். வாஷர் தேய்ந்து, ஓரம் பிய்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அதை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, கையிருப்பிலிருந்து புது வாஷர் போட்டு முறுக்கி, வால்வைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. குடத்துத் தண்ணீரைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றி, குடத்தைத் துடைத்துச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். தரையில் ஈரம் இல்லாமல் துணி போட்டு ஒற்றினார். கம்பெனியை விட்டு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

ஹர்ஷிணி வந்து குழாயைப் பார்த்தாள். நுண்கலை இரண்டாம் ஆண்டு மாணவி, காங்கேயம் பக்கத்துப் பெண். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. “அண்ணா, இது ஏன் சொட்டலை?” என்று மட்டும் கேட்டாள்.

“நிறுத்திப்போட்டேனுங்க அம்மணி!” என்றார் சென்னிமலை பெருமையாக. அவள் முகத்தைப் பார்த்ததும் பெருமை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஹர்ஷிணி வீட்டுத் தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் வற்றிய வருஷம், வாசல் குழாயில் கடைசியாக இப்படித்தான் சொட்டிக்கொண்டிருந்ததாம். அம்மா குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பாராம். அதைத்தான் விழாவுக்குத் தன் படைப்பாகக் கொண்டுவந்து வைத்திருந்தாள்: அதே குழாய், அதே வாஷர், அதே குடம். மாடுகளை விற்றுத்தான் அவளைக் கோவைக்கு அனுப்பினார் அப்பா, இன்ஜினியரிங் படிக்க. இவள் படம் வரையப் போனாள். அதற்கப்புறம் அவர் மகளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், பல்கலைக்கழகப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. “இன்னைக்குத்தான் மொத தடவையா வாராருங்கண்ணா. பஸ் ஏறிட்டாரு. சொட்டுனாத்தான் அவருக்குப் புரியும். இல்லைன்னா சும்மா ஒரு இரும்புக் குழாய்.”

சென்னிமலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஒழுகுகிற குழாயை எதற்காக ஒருத்தி காங்கேயத்திலிருந்து சுமந்துகொண்டு வர வேண்டும்? துக்கம் என்றால் உட்கார்ந்து அழலாம், இல்லை படமாக வரையலாம். ஆனால் பஸ்ஸில் ஒரு அப்பன் வந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

முதலில் பழைய வாஷரைத் தேடிப் புல்தரைக்குப் போனார். அங்கே கும்மி வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. குனிந்தபடியே வட்டத்துக்குள் நுழைந்தவரை, தாத்தாவும் ஆட வந்துவிட்டார் என்று பெண்கள் கைதட்டி வரவேற்றார்கள். “காலத் தூக்குங்க கண்ணு, வாஷர் கிடக்குதான்னு பாக்கோணும்,” என்று கெஞ்சினார். அவர்கள் காலைத் தூக்கத்தான் செய்தார்கள், ஆனால் பாட்டுக்குத் தகுந்தபடி. வாஷர் எந்தப் பாதத்தின் கீழ் மண்ணுக்குள் போனதோ, அகப்படவே இல்லை.

திரும்பி வந்து, இருந்த இன்னொரு புது வாஷரைக் கையில் எடுத்தார். ஃபெமினா மேடம் விஷயம் கேட்டு ஓடி வந்து நின்றார். திட்டத்தான் வாயைத் திறந்தார். அட்டை ஒட்டாத சுவர் கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொண்டு, பிளேடு கேட்டவருக்குப் பிளேடு கொண்டுவந்து கொடுத்தார்.

“என்ற கையால ஒரு நல்ல வாஷர அறுக்கறதுங்களா?” என்று அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே ஓரத்தில் ஒரு கீறல் போட்டார் சென்னிமலை. மாட்டி, கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்து நிமிர்த்திக் கீழே வைத்தார். தண்ணீர் கயிறு மாதிரி இறங்கிக் குடத்தில் பாய்ந்தது. கழற்றி, திருப்பிப் போட்டு, முறுக்கினார். ஒன்றுமே வரவில்லை. லேசாகத் தளர்த்தினார். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. ஒழுகலை நிறுத்தத் தெரிந்த கைக்கு ஒழுக வைக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எல்லாக் குழாயும் தானாகச் செய்த காரியம், இன்றைக்குக் கெஞ்சினாலும் நடக்க மாட்டேன் என்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது, எரிச்சலாக இருந்தது, நடுவில் சிரிப்பு வேறு வந்தது.

“அப்பா கேட்டுக்கு வந்துட்டாராம்,” என்றாள் ஹர்ஷிணி போனைப் பார்த்தபடி.

சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பேனரால் குழாயைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். ‘டொப்.’ எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நெடுநேரம் ஆனது போல இருந்தது. ‘டொப்.’

“எப்படிண்ணா?”

“தெரியலீங்க அம்மணி. சத்தியமாத் தெரியலீங்க. யாரும் தொடாதீங்க, மூச்சுக்கூட அந்தப் பக்கம் உடாதீங்க.”

வெள்ளை வேட்டியும், கையில் மஞ்சப்பையுமாக உள்ளே வந்தார் ஹர்ஷிணியின் அப்பா. கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கவில்லை, மகளையும் சரியாகப் பார்க்கவில்லை. பஞ்சாயத்துக்கு அழைக்கப்பட்டவர் மாதிரி நின்றார். அப்போது சொட்டு விழுந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பினார். குழாயைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, அடுத்த சொட்டு விழும் வரைக்கும் காத்திருந்தார். வந்தது. குடத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்தது.

பையைத் தரையில் வைத்தார். வேட்டியை ஒதுக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடத்தைக் கழுத்தில் பிடித்து இந்தப் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தினார். “உங்கம்மா இக்கட்டதான் வெப்பா, அம்மணி,” என்றார். “செதறுது பாரு.” அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. ஹர்ஷிணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெமினா மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அட்டைகள் வந்துவிட்டனவா என்று பார்க்கப் போனார். சென்னிமலை ஸ்டூலுக்குப் போகாமல் அங்கேயே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஒழுகுகிற குழாய்தானே?

விழா முடிந்து சாயங்காலம் கூடத்தைப் பூட்டிவிட்டுக் கேன்டீன் பின்னால் கை கழுவப் போனார். கழுவி முடித்துத் திருகினார். குழாய் நிற்கவில்லை, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போய் ஸ்பேனரை எடுத்தது. பாதி வழியில் நின்றது. முழங்கால் வலியோடு குனிந்து குழாயின் வலப்பக்கச் சுவரைப் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். அட்டை இல்லை. காலையிலும்தான் இல்லை. அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். ஓரமாகக் கிடந்த வாளியை இழுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்து, இந்தப் பக்கமாக ஒரு விரல்கடை நகர்த்தினார்.