என் பதிலைப் படிக்க ஒரு ஆள்

“தமிழ்ல சோசியாலஜி எழுதப் போறியா? எழுது, தப்பில்ல. ஆனா அதப் படிச்சு சொல்ல ஆள் தேடியே உனக்கு வயசாயிடும்மா.”

2008-ஆம் வருடம், சிதம்பரத்தில் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு வகுப்பு நடத்திய ஒருவர் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அது அதிகமாக வலித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகோதர சகோதரிகளே, அவர் சொன்னது இரண்டு வருடம் அப்படியே நடந்தது. அந்தத் தனிமையையும், அதில் ஆண்டவர் எனக்குச் செய்ததையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரூபி. கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டியில் போடுகிறவர். அம்மா கருவாடு காயவைக்கும் இடத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். 2004-இல் பிளஸ் டூ முடித்தேன். பிறகு சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. முடித்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் என் முதுகு நிமிரும். அது பெருமை என்றால் பெருமைதான்.

தேர்வுக்குச் சமூகவியலை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் நடப்பதற்கெல்லாம் அந்தப் பாடத்தில் பெயர் இருந்தது. ஆனால் நல்ல புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அகராதியை வைத்துக்கொண்டு படிப்பேன். தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று விதி இருந்ததால் பதிலைத் தமிழில் எழுதுவேன். பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியை எடுத்து, நேரம் வைத்து எழுதி, சிவப்புப் பேனாவால் நானே மதிப்பெண் போடுவேன். நானே வாத்தியார், நானே பிள்ளை. முதலில் தாராளமாகப் போட்டேன். பிறகு என் மேலேயே சந்தேகம் வந்து குறைத்துப் போட்டேன். இரண்டுக்கும் அர்த்தம் இல்லை.

ஒரு பயிற்சி மையத்துக்குத் தபாலில் பதில்களை அனுப்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி ஒரு டிக் போட்டுத் திரும்பி வந்தது. யாரும் படிக்கவில்லை என்று அந்த டிக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. நான் எழுதிய தாள்களை அம்மா ஒன்றுகூட வீணாக்க விடமாட்டார். அடுக்கிப் பரண்மேல் வைப்பார். ஆனால் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்க அவருக்குத் தெரியாது, சொல்ல எனக்கும் தெரியாது. என்னோடு படித்த பெண்களுக்குக் கல்யாணமாகி, சபைக்குப் பிள்ளையோடு வருவார்கள். என்னைப் பார்த்தால், “என்னா கலெக்டரம்மா, எப்ப ஜீப்பு வருது?” என்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு ஆராதனை முடிந்ததும் அவர்கள் ஒரு பக்கம் போவார்கள், நான் ஒரு பக்கம் போவேன்.

2009-இல் முதனிலைத் தேர்வில் தேறினேன். அந்த வருடக் கடைசியில் சென்னையில் மெயின் தேர்வு எழுதினேன். 2010-இல் முடிவு வந்தது. என் எண் இல்லை. பிறகு மதிப்பெண் வந்தபோது பார்த்தால், மற்றப் பாடங்கள் என்னைத் தாங்கியிருந்தன. சமூகவியல்தான் என்னைக் கீழே தள்ளியிருந்தது. நான் அதிகமாக நேசித்த பாடம். எங்கே தவறு என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அன்று துறைமுகத்துப் பக்கம் போய், வலை காயும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். படிப்பை விட்டுவிடலாம் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

அந்த ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எங்கள் சபையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பைச் சொல்ல வேண்டும். சொன்னதற்காக மற்றவர்கள் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஒருவர் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றார். ஒருவர் மகனுடைய குடி என்றார். என் முறை வந்தது. இத்தனை பெரிய கஷ்டங்களுக்கு நடுவில் என்னுடையதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வழக்கமாக “பரீட்சைக்காக” என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எனக்கு ஒரு ஆள் வேணும்.”

மீன் விற்கும் ஜெயமணி அக்கா பட்டென்று சொன்னார்: “ஸ்தோத்திரம்! இப்பவாச்சும் வாயத் தொறந்தியே. எந்த ஊரு மாப்ள வேணும், சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. “மாப்ள இல்லக்கா. நான் எழுதற பதில படிச்சு, எங்க தப்புன்னு சொல்ல ஒரு ஆளு.”

“அதுக்கா ஒபவாசம்?” என்றார் ஒரு பெரியம்மா.

பாஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் தலையில் கைவைத்து, “ஆண்டவரே, இந்தப் பிள்ளை எழுதறத உட்காந்து படிக்க ஒருத்தர அனுப்பும்” என்று சத்தமாக ஜெபித்தார். சிரித்தவர்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜெயமணி அக்காவின் ஆமென்தான் பெரிதாகக் கேட்டது.

அதற்குப் பிறகு மறுபடியும் எழுத ஆரம்பித்தேன், தினமும் அதே வார்த்தையால் ஜெபித்தேன். படிக்க ஒருத்தர். மனதுக்குள் ஒரு உருவமும் வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற பேராசிரியர், விசுவாசி, கண்ணாடி போட்டவர். ஆண்டவருக்கு நான் அடையாளம்கூடச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை. சிதம்பரத்தில் நான் வழக்கமாகப் போகும் அரசு நூலகம். பெண்கள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். புர்கா போட்ட ஒரு பெண் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். என் தாளை எட்டிப் பார்த்தாள்.

“சோசியாலஜியா? நீங்களும் எம்.ஏ. கரஸ்தானா? அப்பாடா. அசைன்மென்ட்ட கொஞ்சம் குடுங்களேன், பாத்து எழுதிக்கிறேன்.”

அவள் பெயர் ஷமீம். லால்பேட்டை. தபால்வழியில் எம்.ஏ. படிக்கிறாள், சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறாள். கணவர் துபாயில். நான் படிப்பது சிவில் சர்வீஸ் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். இடம்பெயர்வு குடும்பத்தை எப்படி மாற்றுகிறது என்ற பதிலை அவளிடம் கொடுத்தேன். படித்து அசந்துபோவாள் என்று நினைத்தேன்.

அவள் படித்தாள். பாதியில் சிரித்தாள்.

“‘ஆண்கள் வெளிநாடு செல்வதால் குடும்பம் சிதைகிறது, பெண்கள் சுதந்திரமாக முடிவெடுக்கிறார்கள்.’ எந்த ஊர்லங்க? எங்க ஊர்ல பாதி வீட்டு ஆம்பள வெளிநாட்லதான். ஒண்ணும் செதையல. முடிவெடுக்கறது போன்ல அவரு, அடுப்படில அவங்கம்மா, என் மாமி. நடுவுல நானு சிம் கார்டு மாதிரி இருக்கேன்.”

எனக்கு முகம் இறுகியது. அவள் கவனிக்காமல் கடைசிப் பத்திக்குப் போனாள். “‘ஆகவே நாம் அனைவரும் குடும்ப உறவுகளைப் பேணி, அன்பில் நிலைத்திருக்க உறுதி ஏற்போம்.’ என்னங்க இது, துஆ கேக்கறீங்களா? ஆமீன் மட்டுந்தான் பாக்கி.”

தாளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஆண்டவரிடம் சண்டை போட்டேன். நான் கேட்டது இவளையா?

வீட்டுக்கு வந்து பரண்மேல் இருந்த தாள்களை இறக்கினேன். ஒவ்வொன்றாகக் கடைசிப் பத்தியைப் பார்த்தேன். உறுதி ஏற்போம். பாடுபடுவோம். ஒன்றுபடுவோம். சாதி என்றாலும், தொழிற்சாலை என்றாலும், அதே முடிவு. சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் செய்தி கொடுத்துப் பழகியவள் நான். அங்கே கடைசியில், இப்படி வாழத் தீர்மானிப்போம் என்று கேட்பவர்களுக்கு அழைப்பு கொடுக்காமல் உட்காரக்கூடாது. தேர்வு எழுதும்போதும் நான் பிரசங்க மேடையில்தான் நின்றிருக்கிறேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எங்கள் சபையில் யார் படித்திருந்தாலும் அவர்களுக்கும் பட்டிருக்காது. நல்ல முடிவு என்று பாராட்டியிருப்பார்கள். எனக்கு வேண்டிய ஆளை வேறு இடத்திலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. பரணுக்குக் கீழேயே முழங்கால் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அதே மேசைக்குப் போனேன். ஷமீம் நிமிர்ந்து, “அப்பாடா, வந்துட்டீங்களா. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல. வாய் ஜாஸ்தின்னு மாமி சொல்றது சரிதான்” என்றாள்.

மாற்றி எழுதிய தாளை நீட்டினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் முழுக்க எழுதுவேன், சனிக்கிழமை அவள் படிப்பாள். பதிலுக்கு அவளுக்குப் புரியாத பாடத்தை நான் சொல்லித் தருவேன். அவள் படிக்கும் முறை தனி. மெதுவாக உதடசைத்துப் படிப்பாள். எங்கே தடுக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். “அது இல்லடி, நான் என்ன சொல்ல வந்தேன்னா” என்று நான் வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்துவாள்.

“வாயால சொல்லாத. பேப்பர் திருத்தறவரு பக்கத்துல போயி உக்காந்துக்குவியா? எழுதிக் காட்டு.”

புள்ளி வைத்த இடத்தை அங்கேயே திரும்ப எழுதுவேன். புள்ளிகள் குறைய மாதங்கள் ஆயின.

ஒருமுறை சமூக நகர்வு பற்றி எழுதியிருந்தேன். தலைமுறைக்குத் தலைமுறை மக்களின் நிலை எப்படி மாறுகிறது என்பது கேள்வி. ஒரு புள்ளியும் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். அவள் தாளை மூடிவிட்டு, “இவ்ளோ எழுதியிருக்க. இதுல உங்கப்பா எங்க?” என்றாள்.

“எங்கப்பா எதுக்கு இதுல?”

“ஐஸ் ஒடைக்கறவரு பொண்ணு பி.ஏ. படிச்சிருக்கு. இத விட்டுட்டு வெள்ளக்காரன் ஊரு உதாரணத்த எழுதியிருக்க.”

என் பெருமைக்கு அது அடி. படித்ததை எல்லாரிடமும் சொல்வேன், எந்தத் தெருவிலிருந்து வந்து படித்தேன் என்பதைத் தாளில் வைக்கமாட்டேன். புதுத் தாளை எடுத்து எழுதினேன்: ‘துறைமுகக் கூலித் தொழிலாளியின் மகள் பட்டம் பெறுகிறாள். அவளுடைய தெருவின் பெயர் ஊர்க்காரர் வாயில் மாறுவதில்லை. கல்வியில் நகர்வு, மதிப்பில் தேக்கம்.’ ஷமீம் படித்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

2011 ஜூனில் முதனிலைத் தேர்வு எழுதினேன், தேறினேன். மெயின் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தபோது, கணவரிடம் துபாய்க்குப் போக ஷமீமுக்கு விசா வந்தது. கடைசி சனிக்கிழமை அவள் பென்சிலை எடுக்கவே இல்லை. “அங்க போயி யாருகிட்டடி வாயடிப்பேன்?” என்றாள். அழுதுவிடாமல் இருக்க என் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் கடினமானவை. ஆண்டவரே, கொடுத்ததை ஏன் எடுத்தீர் என்று கேட்டேன். எதிர் நாற்காலியில் யார் யாரோ வந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்கள். ஆனால் எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். எந்த வரியில் புள்ளி விழும் என்று எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. சென்னையில் தேர்வு அறையிலும் அப்படித்தான். சுற்றிலும் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒருத்திக்குப் புரியும்படி எழுதிக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்தியில் யாரையும் உறுதி ஏற்கச் சொல்லவில்லை.

அந்த டிசம்பர் கடைசியில் புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோனது. பரண்மேல் இருந்த தாள்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அம்மா அவற்றை வாரி எடுத்து வெயிலில் வைத்து அழுதார். நான் அழவில்லை. அவற்றை ஒருத்தி படித்துவிட்டாள்.

2012-இல் மெயின் முடிவு வந்தது. நேர்முகத் தேர்வுக்கு என்னை டில்லிக்கு அழைத்தார்கள். அப்பா முதன்முதலாகக் கடலூர் ஜில்லாவைத் தாண்டி என்னோடு வந்தார். இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனால் மதிப்பெண் வந்தபோது, இந்த முறை என்னை மேலே தூக்கியிருந்தது சமூகவியல்தான்.

உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்தேன். அதே பெரியம்மா, “வேல வந்தப்புறம் சொல்லலாமே, இப்ப என்னா சாட்சி?” என்றார். ஜெயமணி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, “அது வேலயா கேட்டுச்சு? ஆளுதான கேட்டுச்சு! நாமதான ஆமென் சொன்னோம்” என்றார்.

அவர் சொன்னதுதான் என் சாட்சி. நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். நான் வரைந்து கொடுத்த உருவத்தில் அல்ல, எனக்குத் தேவையான ஆளாகவே கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல வேலை வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் இல்லை. தேர்வில் அழைப்பு கொடுப்பதை விட்டுவிட்டேன், ஆனால் இது தேர்வு அல்ல. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன். உங்கள் தேவை மற்றவர்களுடையதைவிடச் சின்னது என்று அதை மறைக்காதீர்கள். அதை உள்ளபடியே கேளுங்கள். சிரித்தாலும் சிரிக்கட்டும். வருகிறவர் எந்த வாசல் வழியாக வந்தாலும் நாற்காலியை நகர்த்திக் கொடுங்கள்.

இந்த வருட முதனிலைத் தேர்வை மறுபடியும் எழுதியிருக்கிறேன். ஷமீம் அங்கிருந்து எப்போதாவது போன் செய்து என்னைத் திட்டுகிறாள். போன வாரம் நூலகரிடம் அனுமதி கேட்டு, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘சமூகவியல் பதிலைத் தமிழில் எழுதுகிறவர்கள் சனிக்கிழமை பகலில் பெண்கள் மேசைக்கு வரலாம். படித்துச் சொல்லப்படும்.’ சனிக்கிழமை காலையிலேயே போய், ஒரு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூலகம் மூடும்வரை பதில் தாளோடு யாரும் வரவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும் என்று, எதிர் நாற்காலியில் இடம் பிடிக்க என் பையை வைக்கவில்லை.